கறுப்புச் செடியும் கந்தல் கட்டிய சக்கரவர்த்தியும்

"இன்னாடா இது, தண்ணியே ஊத்தறதில்லையா? எல்லாம் கருகிப் போய்க் கெடக்குது!"

எதிர்வீட்டு அத்தை எங்கள் கொல்லைக்குள் கால் வைத்ததும் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்கவில்லை. தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு, நானூறு ரூபாய் கொடுத்து நர்சரியில் வாங்கிய 'ரேவன்' செடியின் தலையில் கவிழ்த்தார். அந்தச் செடி தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் தவமிருக்கும். தண்ணீர் அதிகமானால்தான் கிழங்கு அழுகிச் சாகும். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை குனிந்து பார்த்து, "தோ பாரு, ஒரு குருத்து பச்சையா வந்திருக்குது. பொழைச்சுக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ரேவனின் குருத்து பச்சையாகத்தான் வரும். வயதாக ஆகத்தான் கறுக்கும். மனிதன் தலைமயிருக்கு நேர் எதிர்.

கறுப்புச் செடிகளாகவே ஒரு கொல்லையை நிரப்புவது என்று போன வருஷம் எனக்குப் புத்தி போயிற்று. கருந்துளசி, கருநொச்சி, கருவூமத்தை, கருமஞ்சள், கறுப்பு இலைச் சேம்பு, கறுப்புத் தக்காளி, ஒரு கருங்காலிக் கன்று. ஊர் இதற்கு மூன்று காரணம் கற்பித்தது: செய்வினை, கடன், காதல் தோல்வி. எனக்கு ஐம்பத்து மூன்று வயது என்பதால் மூன்றாவதை மட்டும் மறுக்காமல் விட்டுவைத்தேன்.

வேலி ஓரமாக நின்று பார்த்த தமிழாசிரியர் ஒருவருக்கு வேறு கவலை. "தம்பி, பலகையில 'கருப்புத் தோட்டம்'னு எழுதியிருக்கியே. இடையின ரகரம் போட்டா பஞ்சம்னு அர்த்தம். நிறம்னா வல்லினம் போடணும்" என்றார். திருத்தினேன். மறுநாள் வந்தவர், கறுப்பு என்ற சொல் கோபத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பியர் சொல்லியிருப்பதாக ஒரு குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். பஞ்சமா, கோபமா என்று முடிவு செய்ய முடியாமல் பலகையையே கழற்றிவிட்டேன். ஆனாலும் இந்தக் கட்டுரையில் நிறத்துக்கு வல்லினம்தான். அவர் இதைப் படிப்பார்.

இத்தனை பேருக்கும் பதில் சொல்ல ஒரே வழி வரலாறு. நம் ஊரில் எந்தக் கிறுக்குத்தனத்தையும் "பல்லவர் காலத்திலேயே இருந்தது" என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச ஆளில்லை. கூரத்துக்காரனுக்கு அந்த வசதி வாசலிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற எங்கள் ஊரில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கட்டிய வித்யாவினீத பல்லவேச்சுரம் இருக்கிறது. பின்பக்கம் யானை படுத்திருப்பதுபோல வளைந்த தூங்கானை மாடம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு முன்னாலேயே கல்லை அடுக்கிக் கட்டியது என்ற பெருமையும் உண்டு. பெருமைக்கு ஏற்ற கூட்டம் மட்டும் கிடையாது.

பல்லவர்களைப் பற்றி முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். சோழன் ஆத்தி சூடினான், பாண்டியன் வேம்பு சூடினான், சேரன் பனம்பூ சூடினான். மூன்று பேரும் செடியைத் தலையில் வைத்துக்கொண்டதோடு சரி. எங்கள் ஆட்கள் தங்களையே செடி என்று சொல்லிக்கொண்டார்கள். வடமொழியில் பல்லவம் என்றால் தளிர். தமிழில் தொண்டையர், தொண்டை என்பதும் ஒரு கொடிதான். எதிரி நாட்டுத் தூதன் அரசவைக்கு வந்து, "தளிர் வம்சத்துக் கொடி நாட்டு வேந்தே" என்று விளிக்கும்போது எப்படிச் சிரிப்பை அடக்கினானோ.

சாளுக்கியர்கள் அடக்கவில்லை. படையெடுத்தே வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ச் செப்பேடு கைகொடுக்கிறது. கூரத்தில் கிடைத்த பரமேசுவரவர்மனின் பட்டயத்தை 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் பதிப்பித்தார். கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த பத்திரம் அது. பத்திரம் எழுதச் சொன்னால், எழுதியவர் பாதி இடத்துக்குப் போர் வருணனை எழுதியிருக்கிறார். குதிரை, யானை, தூசி, ரத்தம் எல்லாம் வந்து கடைசியில் முத்தாய்ப்பு: பல லட்சம் படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன், உடம்பில் ஒரு கந்தலை மட்டும் சுற்றிக்கொண்டு ஓடினான்.

அந்தப் பக்கம் கேட்டால் கதையே வேறு. அதே விக்கிரமாதித்தன் 674இல் காவிரிக் கரை உறையூரில் பாசறை போட்டு உட்கார்ந்துகொண்டு வெளியிட்ட பட்டயத்தில், பல்லவனைத் தோற்கடித்துக் காஞ்சியைப் பிடித்தவன் தான்தான் என்கிறான். இரண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் செப்பேட்டில் ஆதாரம் இருக்கிறது. தேர்தல் முடிந்த மறுநாள் காலைப் பேப்பர் மாதிரி.

அந்தக் கந்தல் என்ன நிறம் என்று பட்டயம் சொல்லவில்லை. கறுப்பு என்பது என் ஆராய்ச்சி. ராத்திரியில் ஓடுகிறவனுக்கு வெள்ளைத் துணி எந்த விதத்தில் உதவும்?

சண்டை முடிந்ததும் பட்டயம் கணக்குக்கு வருகிறது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை இருபத்தைந்து பங்காகப் பிரிக்கிறார்கள். இருபது பங்கு நான்மறை ஓதிய இருபது பேருக்கு. மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு ஒன்று. அங்கே தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு ஒன்று. பூசைக்கும் பராமரிப்புக்கும் மூன்று. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்று ஒரு கால்வாய் வெட்டி, பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். சாமிக்கு நீராட்டு, பூ, வாசனை, தூபம், விளக்கு, படையல், சங்கு, பறை என்று செலவுப் பட்டியல் போகிறது.

பூ வந்துவிட்டதா? நம் கதைக்கு அது போதும். இருபத்தைந்து பங்கில் பூப் பறித்தவனுக்கு என்று தனிப்பங்கு எண்ணிக் காட்டவில்லை. ஆனால் அவன் இல்லாமல் பூசை நடந்திராது. சிவனுக்குப் பூ என்றால் எருக்கு, கொன்றை, ஊமத்தை. சாமியே கறுத்த கழுத்துக்காரர். விஷத்தை விழுங்கிக் கழுத்துக் கறுத்தவருக்கு விஷச் செடியின் பூவையே வைத்த பக்தர்களின் குறும்பை மெச்ச வேண்டும். என் கொல்லையில் இருக்கிற கருவூமத்தையைப் பார்த்தால் அந்தக் குறும்பு புரியும். தண்டு எண்ணெய் தடவிய கத்தரிக்காய்போல ஊதாக் கறுப்பில் பளபளக்கும். பூ வெளியே கருநீலம், உள்ளே வெள்ளை. ஒரு புனலுக்குள் இன்னொரு புனல், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கடுக்காகச் செருகி வைத்ததுபோல இருக்கும். சாயங்காலம் விரியும். விதை, இலை, வேர் எல்லாம் விஷம். பேரன் பேத்தி ஓடியாடுகிற வீடாக இருந்தால் இதை மட்டும் வைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் விளையாட்டுக்குச் சொல்லாத வாக்கியம் இது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் ஆசைப்பட்ட செடியை நினைத்த இடத்தில் ஊன்றிவிட முடியாது. பல்லவர் பட்டயங்களில் செங்கொடிக் காணம் என்று ஒரு வரி வருகிறது. செங்கொடி என்ற மருந்துச் செடி பயிரிட்டால் அரசுக்குக் காசு கட்ட வேண்டும். பிராமணருக்குப் பிரமதேயமாக ஊரை எழுதிக் கொடுக்கும் பட்டயங்களில், சோழர் காலத்திலும், சலுகைப் பட்டியல் ஒன்று நீளமாக வரும்: தமனகமும் மருவும் செங்கழுநீரும் நட்டுக்கொள்ளலாம், மாவும் பலாவும் வைத்துக்கொள்ளலாம், சுட்ட செங்கல்லால் மாடி கட்டிக்கொள்ளலாம். குளத்தில் ஒரு செங்கழுநீர்க் கிழங்கை அமுக்கி வைக்க ராஜ உத்தரவு. அதே பட்டியலிலேயே, தென்னையும் பனையும் கள் இறக்கும் ஈழவர் ஏறக்கூடாது என்ற தடையும் வரும். நடும் உரிமை ஒருத்தருக்கு, ஏறாதே என்ற உத்தரவு இன்னொருத்தருக்கு. பொற்காலம் பொற்காலம் என்கிறோமே, பொன் யார் கையில் இருந்தது என்று இந்தப் பட்டியலைப் படித்தால் தெரியும்.

தோட்டத்துக்கு அரசாங்கம் என்றதும் காஞ்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு; குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுக் குழு; பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். நன்றாகக் கவனியுங்கள். ஊருக்கே சோறு போடும் ஏரிக்கு ஆறு பேர். தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர்.

இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனாவது என்பது சாமானியமில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன், மாமனார், மச்சான், மருமகன் யாரும் நிற்கக் கூடாது. கழுதை ஏறினவனும் நிற்கக் கூடாது. இன்றைக்கு இந்தச் சட்டத்தை அமல்படுத்தினால் சொந்தக்காரர் விதி ஒன்றிலேயே பாதிச் சட்டசபை காலியாகும். கழுதை விதியால் மட்டும் ஒருவருக்கும் பாதிப்பில்லை, கழுதைகள் குறைந்துவிட்டன.

ஓலையை எடுக்கும் முறையும் அற்புதம். எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டி, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். ஏன் விரலை விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கில் ஓலையை மாற்றின மகராசன் ஒருவன் அதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். கல்லில் வெட்டிய ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு ஃபிராடு இருக்கிறான் என்பது என் சித்தாந்தம்.

அந்தத் தோட்ட வாரியத்தின் முன்னால் நான் மனுவோடு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? கல்வெட்டில் இல்லாததால் நானே எழுதிக்கொள்கிறேன்.

"கொல்லையில் கறுப்பாகச் செடி வைக்க வேண்டுமாம். உத்தரவு கேட்கிறான்."

"கறுப்பு பெருமாள் நிறம். தடுத்தால் பாவம்."

"சனியன் நிறமும் அதுதான். விட்டால் ஊருக்குப் பீடை."

"ஊதாவாக வைத்துக்கொள்ளட்டுமே?"

"ஊதாவை எந்தக் காணத்தில் சேர்ப்பது? அதற்கு இன்னும் வரி போடவில்லை."

"முதலில் வரி போடுவோம். செடியைப் பிறகு பார்ப்போம்."

முன்னூற்று அறுபது நாள் பதவி முடிந்து, அடுத்த பன்னிரண்டு பேர் வந்து, மனுவை முதலிலிருந்து படிக்கச் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் ஊரின் இன்னொரு பெருமையான கூரத்தாழ்வாரிடம் வருகிறேன். ராமானுஜரின் தலைமைச் சீடர். பெரும் பணக்காரர். பகல் முழுக்க அன்னதானம் நடந்து ராத்திரி அவர் வீட்டுக் கதவைச் சாத்தினால், அந்தச் சத்தம் காஞ்சி வரதராஜர் கோயில் வரை கேட்குமாம். ஒரு நாள் தாயாரே "அது என்ன சத்தம்?" என்று விசாரிக்க, செய்தி கேட்டுக் கூசிப்போனவர் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடக்கத் தொடங்கினார். வழியில் காடு. "பயம் ஏதும் உண்டோ?" என்று அம்மாள் கேட்க, "மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்" என்றார் இவர். அவர் சாப்பிடுவதற்கென்று அம்மாள் ஒளித்துக் கொண்டுவந்த தங்க வட்டில் வெளியே வந்தது. வீசி எறிந்தார் என்பது கதை. பன்னிரண்டு கிலோமீட்டர் கேட்கிற கதவுக்குக் கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் சொத்தெல்லாம் தப்பித்திருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். வைணவர்கள் மன்னிக்க வேண்டும். அவளும் வைணவ வீட்டுப் பெண்தான்.

மடியில் கனம் என்றால் என்ன என்று நான் அனுபவித்தேன். காஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் கருங்காலிக் கன்றை வைத்துக்கொண்டு வந்தேன். ஏறினவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். ஒருவர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சிவப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் மட்டும், "கருங்காலியை எதுக்குப்பா வீட்ல வெக்கற? ஸ்டிரைக் பண்ணா உள்ளே பூந்துருவானே!" என்று சிரித்தார். அந்த ஒருவர்தான் என் தலைமுறை.

யோசித்துப் பாருங்கள். நான் சின்னவனாக இருந்தபோது கருங்காலி என்பது வசவு. மரத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாக வந்தது ஒரு மரம், இனத்துக்கே எமன். அதனால் துரோகிக்குக் கருங்காலி என்று பேர். வேலைநிறுத்தத்தில் முதலாளி பக்கம் போகிறவனை இங்கிலீஷ்காரன் 'பிளாக்லெக்' என்றான். இங்கேயும் அவன் கருங்காலி. இரண்டு மொழியிலும் கால்தான் கறுத்திருக்கிறது. அப்படி ஐம்பது வருஷம் ஆலை வாசலில் திட்டு வாங்கின கட்டை, சினிமாக்காரர்கள் கழுத்தில் ஏறியதும் திடீரென்று தெய்வீகமாகிவிட்டது. இப்போது மணிக்கு மணி காசு. சாயம் போட்ட வேலமரக் கட்டைகூட கருங்காலி மாலையாக விற்கிறது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு சீக்கிரம் மறுவாழ்வு கிடைத்து நான் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை, கருங்காலி என்ற பேரில் ஒரு மரமல்ல, இரண்டு மரம் இருக்கிறது. ஒன்று இங்கிலீஷில் எபனி எனப்படுவது; முள் கிடையாது. இன்னொன்று வேல மர வகை, வெற்றிலைக்குக் காசுக்கட்டி எடுக்கிற மரம், முள் உண்டு. என் கன்றில் முள் இருக்கிறது. எதுவானாலும் இலை பச்சை, பட்டை சாம்பல். கறுப்பைப் பார்க்க வேண்டுமானால் மரம் வளர்ந்து, நடுவில் வைரம் பாய்ந்து, யாராவது வெட்ட வேண்டும். அதற்கு இன்னும் முப்பது நாற்பது வருஷம் ஆகலாம். அன்றைக்கு நானிருந்தால் எனக்குத் தொண்ணூறைத் தொட்டிருக்கும், கோடரி தூக்கத் தெம்பிருக்காது. காம்புக்குக் கருங்காலி மட்டும் இருக்கும்.

கருநொச்சியிலும் இதே குழப்பம். சித்த மருத்துவர் ஒரு செடியைக் காட்டுகிறார், நர்சரிக்காரர் அடியில் ஊதா பூத்த வேறொரு நொச்சியைக் காட்டுகிறார். இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டும் கறுப்பில்லை. 'கரு' என்று முன்னால் ஒட்டினால் விலை ஒட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கு மூலம் அதியமான் என்று நினைக்கிறேன். மலைப்பிளவில் ஏறிப் பறித்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். ஊர் வாயில் அது கருநெல்லி ஆயிற்று. தின்றால் சாவில்லை. அதியமான் போர்க்களத்தில் போய்ச் சேர்ந்தான். ஔவையோ சங்ககாலத்தில் இருந்தார், கம்பர் காலத்தில் இருந்தார், அப்புறமும் இருந்தார். ஔவைகள் எத்தனை பேர் என்று இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஒரே ஆள்தான் ஐயா. பழம் வேலை செய்திருக்கிறது.

நம் ஊர்தான் இப்படி என்று நினைத்து மனம் நோக வேண்டாம். 1637இல் ஆலந்துக்காரர்கள் துலிப் கிழங்கை வைத்துச் சூதாடிக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1850இல் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துய்மா 'கறுப்பு துலிப்' என்று ஒரு நாவலே எழுதினார். கறுப்பில் துலிப் பூக்கவைக்கிறவனுக்கு லட்சம் பரிசு என்று ஒரு தோட்டக்கலைச் சங்கம் அறிவிக்க, அதற்கு முயன்ற ஒருவன் ஜெயிலுக்குப் போய், அங்கும் கிழங்கை வளர்க்கிறான். அப்புறம் அசலாகவே 'குயின் ஆஃப் நைட்' என்று ஒரு துலிப் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அது கத்தரிக்காய் நிறம். காஞ்சி மார்க்கெட்டில் கூறு போட்டு விற்கிற நிறத்துக்கு வெள்ளைக்காரன் பல தலைமுறை அலைந்திருக்கிறான்.

ஏனென்றால் பூவிலும் இலையிலும் கறுப்பு என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் கறுப்பே கிடையாது. ஆந்தோசயனின் என்கிற ஊதாச் சாயம் திக்காக ஏறி, அடியில் பச்சையமும் சேர்ந்தால் நம் கண்ணுக்குக் கறுப்பு. 1835இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியர் இந்தப் பெயரை வைத்தார்; கிரேக்கத்தில் பூ, நீலம் என்று இரண்டு சொல்லை ஒட்டினது. பல செடிகளில் வெயில் பட்டால் இது ஏறும், நிழலில் இறங்கும், கடும் வெக்கையில் மறுபடி இறங்கும். வெயில் வேண்டும், சூடு கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது எப்படி முடியும் என்று ஆந்தோசயனின் யோசிக்கவில்லை.

என் கறுப்புத் தக்காளிக்கு நேர்ந்தது இதுதான். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'இண்டிகோ ரோஸ்' என்ற ரகம். விதைப் பொட்டலத்துப் படத்தில் அமாவாசை மாதிரி இருந்தது. என் செடியில் காய்த்த ஏழு காயும் வெயில் பார்த்த கன்னம் மட்டும் நாவல் நிறம். இலை மறைத்த பக்கம் பச்சை. காம்பு மூடியைத் தூக்கினால் அடியில் அந்த மூடி வடிவத்திலேயே பச்சையாக ஒரு நட்சத்திரம். "யாரோ அடிச்சுப் போட்ட தக்காளி மாதிரி இருக்குது" என்றாள் மனைவி. பழுத்ததும் நறுக்கினால் உள்ளே வழக்கமான சிவப்பு. ரசம் வைத்தாள். ரசமும் சிவப்பு. கறுப்பைத் தொட்டுக்கொள்ள மிளகு போட்டோம்.

செலவழித்து வாங்கியதெல்லாம் இப்படி ஏமாற்ற, காசு கொடுக்காமல் வந்த கறுப்பு ஒன்றுதான் நிற்கிறது. பாட்டியின் கருந்துளசி.

தாத்தா கருஞ்சட்டைக்காரர். 1946இல் மதுரையில் நடந்த கருஞ்சட்டைப் படை மாநாட்டுக்குப் போய், கலவரக்காரர்கள் பந்தலைக் கொளுத்தியதைப் பார்த்துவிட்டு வந்தவர். பாட்டி நாமக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் துளசி மாடம் கூடாது என்றார் இவர். துளசி இல்லாமல் பச்சைத் தண்ணீர் இறங்காது என்றார் அவர். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் பாட்டி எங்கிருந்தோ ஒரு கருந்துளசி நாற்றைக் கொண்டுவந்து, "உன் கட்சிக் கலர்தானே, பேசாம இரு" என்று ஊன்றிவிட்டார். தாத்தாவிடம் பதில் இல்லை. பாட்டி அதைப் பெருமாள் நிறம் என்று சுற்றி வந்தார். தாத்தா கட்சிக் கொடி என்று தண்ணீர் ஊற்றினார்.

ஒரு மழைக்காலத்தில் முருங்கை தழைத்து நிழல் கட்டி, துளசி வெளிறிப் பச்சையாயிற்று. தாத்தாவுக்குக் கொண்டாட்டம். "பாத்தியா, உன் பெருமாள் வெளுத்துட்டாரு." பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு போய் முருங்கைக் கிளையைக் கழித்தார். பதினைந்து நாளில் தண்டில் ஊதா ஏறிற்று, புதுத் தளிர் நரம்பிலிருந்து கறுத்தது. ஆந்தோசயனின் என்ற வார்த்தையைக் கேட்காமலே கிழவிக்கு அது தெரிந்திருந்தது.

தாத்தா போன பிறகு அவருடைய கடைசிக் கறுப்புச் சட்டை கிழிந்து கந்தலாயிற்று. பாட்டி அதைத் தூக்கிப் போடவில்லை. கொல்லைமேல் கண் படாமல் இருக்க வேலியில் கட்டினார். திருஷ்டியிலேயே நம்பிக்கையில்லாத மனுஷன் சட்டை பல வருஷம் திருஷ்டி கழித்தது. விக்கிரமாதித்தன் கந்தலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டைதான் கண்ணில் நிற்கும்.

அந்தத் துளசியின் விதையிலிருந்து வந்ததுதான் இன்றைக்கும் மாடத்தில் இருக்கிறது. நீங்களும் வைக்கலாம். நல்ல வெயிலில் வையுங்கள், பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தால்தான் கறுப்பு எடுத்துக் காட்டும். கதிர் காய்ந்ததும் உருவிக் கசக்கினால் கடுகை விடச் சின்ன விதை கொட்டும். தை பிறந்ததும் கூரத்துப் பக்கம் வந்தால் தருகிறேன், காசு வேண்டாம். வரும்போது எதிர்வீட்டு அத்தை திண்ணையில் இருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்: செடி கருகவில்லை, அதன் நிறமே அதுதான்.